சில்லு உருண்டது 55 நிமிடம்

அந்த வரைபடம் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. திருகோணமலை மாவட்டம் முழுவதும் ஒரே தாளில். ஒவ்வொரு வைத்தியசாலையையும் மையமாக வைத்து, கவராயத்தால் 15 கிலோமீற்றர் ஆரையில் இழுத்த வட்டங்கள். வட்டத்துக்கு உள்ளே பச்சை, வெளியே சிவப்பு. நில அளவைத் திணைக்களத்தில் 31 வருடம் படவரைஞராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு பேனை பிடிக்கக் கிடைத்த முதல் பெரிய வேலை என்பதால் கொஞ்சம் ஆசையாகவே வரைந்தேன். ஊர்ப் பெயர்களைக்கூடக் கையால்தான் எழுதினேன். புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று மேலிருந்து கீழே வெருகல் வரை எழுதி முடிக்க இரண்டு இரவுகள் போயின.

எங்கள் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தலைவர். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து ஒருவர், கோயில் தர்மகர்த்தா ஒருவர், மீன் வாடிக்காரர் இருவர், பென்ஷன் எடுத்த தாதி ஒருவர், அப்புறம் நான். கிட்டடி ஆஸ்பத்திரிக்கு விபத்துப் பிரிவு என்று தனிக் கட்டிடமும் சீ.ரி. ஸ்கானரும் வேண்டும் என்று மகஜர் எழுதுவதுதான் வேலை. "படத்தப் பாத்தவுடன மந்திரிக்கு விளங்க வேணும்" என்று அதிபர் சொல்லியிருந்தார். விளங்கத்தான் செய்தது. வரையும்போதே ஒரு விஷயம் என்னைக் கொஞ்சம் உறுத்தியது என்பது வேறு கதை. பட்டணத்தை மையமாக வைத்த வட்டம் கொட்டியாரக் குடாவைத் தாண்டிப்போய் மூதூரையும் பச்சையாக்கிவிட்டது. நேர்கோட்டில் பார்த்தால் 13, 14 கிலோமீற்றர்தான். றோட்டால் போனால் சீனன்குடா, கிண்ணியா என்று சுற்றிக்கொண்டு 30க்கு மேல் வரும். "சேர், இடையில கடல் கிடக்கு" என்றேன். "அதையெல்லாம் ஆர் பாக்கப் போயினம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். கையொப்பம் வாங்கும் வேலை தொடங்கியது.

இந்த மாவட்டத்தில் கடலையும் ஆற்றையும் மறந்து தூரம் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியாமலில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் அந்தக் கரைக்குப் போனோம். பாதை என்றால் வாகனத்தையும் ஆளையும் ஏற்றி இழுக்கிற மிதவை. அது மறுகரையில் நின்றால் பிரசவ வலிக்காரியும் காத்திருக்க வேண்டியதுதான். இப்போது 396 மீற்றர் பாலம், ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். ஆனாலும் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, இடைக்காலத்துக்கு ஓடிய மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்தார்கள். அதனால் எங்களுக்கு அவசர சிகிச்சை என்றாலே முதலில் வருவது றோட்டும் பாலமும்தான். அடுத்தது கட்டிடம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மச்சான் விழும்வரை.

மஹ்ரிப் பாங்கு

மச்சான் என்றால் தங்கச்சியின் புருஷன். நெல் வாங்கி விற்பவன், நாள் முழுக்க பைக்கில்தான். ஏ-15 வீதியில் நடந்தது. எந்த இடம் என்று எழுதினால் எந்த ஆஸ்பத்திரி என்று வாசிப்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று அங்கே கடமையில் நின்றவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆகவே ஊரைச் சொல்லாமல் விடுகிறேன். இருட்டுப்படும் நேரம், றோட்டில் படுத்திருந்த மாடு ஒன்று எழும்பியிருக்கிறது. விலத்தப் போய் பைக் சரிந்து, ஹாண்டில் நுனி இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. இரத்தமில்லை, எலும்பு முறியவில்லை. பத்து ரூபாய்க் குத்தி அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்பு அடையாளம், அவ்வளவுதான். எழும்பி மதகில் உட்கார்ந்துகொண்டு, மாட்டுக்காரனைத் தேடி ஏசியுமிருக்கிறான்.

சனம் கூடியது. ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். இடது தோள்மூட்டு வலிக்கிறது என்று சொன்னதும் இன்னொருவர் சித்தாலேப பூசித் தேய்த்துவிட்டார். தோளில் அடியே படவில்லை. மண்ணீரல் வெடித்து உள்ளே இரத்தம் கசிந்து, அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்தகட்டில் படும்போது வலி தோளில் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அடிப்போமா என்று ஒரு பொடியன் கேட்டிருக்கிறான். "அது வந்து சேர நேரமெடுக்கும், ஓட்டோ ஒண்டப் பிடி" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓட்டோவும் உடனே கிடைக்கவில்லை. கடைசியில் முன்சீட்டில் ஒருவர், பின்னால் மச்சானை இரண்டு பேர் நடுவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். எங்கே என்ற கேள்வியே வரவில்லை. கிட்ட எது இருக்கிறதோ அங்கே. எங்கள் குழு மகஜர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆஸ்பத்திரிதான்.

நான் போனபோது அவன் கட்டிலில் கிடந்தான். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணே, தண்ணி தாங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நெற்றி ஈரமாக, கை குளிர்ந்து கிடந்தது. மின்விசிறிக் காற்று அதிகம் என்று நினைத்து நான் விசிறியைக் குறைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு டொக்டர், இளம் பிள்ளை. ஒரு பக்கம் மூச்சு இழுக்கிற குழந்தை, மறு பக்கம் பாம்பு கடித்து வந்த ஒரு விவசாயி. மச்சானைப் பார்த்து வயிற்றை அமுக்கி, வலிக்கு ஊசி போட்டு, அவதானிக்கச் சொல்லிவிட்டு அந்தக் குழந்தையிடம் ஓடினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பார்கள். பிரஷர் இறங்கியதைத் தாதி கண்டுபிடித்துக் கூப்பிட்டபோது டொக்டரின் முகம் மாறியது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தொலைபேசியில்தான். எடுக்கிறார், லைன் பிஸி. மறுபடி எடுக்கிறார், வேறு வாட்டுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு எண். அந்த எண்ணில் இருப்பவர் சத்திரசிகிச்சை தியேட்டருக்குள் நிற்கிறார். பெரியாஸ்பத்திரியில் ஒருவர் "அனுப்புங்க" என்று சொல்லிவிட்டால் போதும், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கு அதிகாரம் என்பது இந்தப் பக்கம் நின்ற எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அனுமதி கிடைத்தபோது அம்புலன்ஸ் இல்லை. பிள்ளைப்பேற்றுக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஏற்கனவே பட்டணம் போயிருந்தது. அது திரும்பி வந்ததும் கூடப்போகத் தாதி வேண்டும். அவர் போனால் வாட்டைப் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

சரி, போய்ச் சேர்ந்தோம். மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். ஆள் இருக்கிறான். இப்போதும் நெல்தான், இப்போதும் பைக்தான்.

24 சென்ரிமீற்றர்

அவன் வீடு வந்து பத்து நாள் கழித்து, தூக்கம் வராத ஓர் இரவில் மருமகளின் கணக்குக் கொப்பியை எடுத்து நேரங்களை எழுதிப் பார்த்தேன். விழுந்த நேரம் தெரியும், மஹ்ரிப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது என்று மாட்டுக்காரர் உட்பட எல்லோரும் சொன்னார்கள். 6.20 என்று வைத்தேன். ஓட்டோ வெளிக்கிட்டது 6.45. ஆஸ்பத்திரி வாசல் 7.00. பிரஷர் இறங்கியதைக் கண்டது 7.50. "அனுப்புங்க" என்ற சொல் வந்தது 8.25. அம்புலன்ஸ் திரும்பி வந்தது 8.55, வெளிக்கிட்டது 9.05. பெரியாஸ்பத்திரி 9.45. தியேட்டருக்குள் கொண்டுபோனது 10.20. பழக்கதோஷம், அளவுத் திட்டம் இல்லாமல் எனக்கு எதுவும் விளங்காது. ஒரு நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்து 24 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு கோடு இழுத்தேன். சில்லு உருண்ட நேரத்தை நீலத்தால், சில்லு நின்ற நேரத்தைச் சிவப்பால் தீட்டினேன்.

நீலம் 15 மில்லிமீற்றரும் 40 மில்லிமீற்றரும். மொத்தம் 55. மிச்சம் 185 மில்லிமீற்றரும் சிவப்பு.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. நான் மாவட்டம் முழுக்க வட்டம் கீறி, தூரத்தைத்தான் நிறம் தீட்டியிருந்தேன். மச்சான் பாதி செத்தது தூரத்தில் நடக்கவில்லை. என் படத்தின்படி அவன் விழுந்த இடம் அழகான பச்சை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த 125 நிமிடமும் பச்சைக்கு நடுவில், வட்டத்தின் மையப் புள்ளியில். அந்த 125இல் சிகிச்சை என்று சொல்லக்கூடியது எவ்வளவு, காத்திருப்பு எவ்வளவு என்று பிரிக்கப் போனால் சிவப்பிலும் இரண்டு சிவப்பு வேண்டியிருந்தது. முதல் 50 நிமிடம் ஒரே டொக்டரை மூன்று உயிர்கள் பங்குபோட்டது. அடுத்த 35 ஒரு சொல்லைத் தேடிய நேரம். அதற்கடுத்த 40 ஒரு வண்டியையும் ஒரு தாதியையும் தேடிய நேரம். நாங்கள் கேட்ட கட்டிடம் அன்று அங்கே இருந்திருந்தாலும், ஸ்கானர் இருந்திருந்தாலும், இந்த 75 நிமிடத்தில் ஒரு மில்லிமீற்றர்கூடக் குறைந்திருக்காது. வயிற்றைத் திறக்க ஆளில்லாத இடத்தில் ஸ்கானர் படம்தான் காட்டும்.

அதற்குப் பிறகு கொஞ்சம் வாசித்தேன். குழுவில் இருந்த தாதி அக்கா சில விஷயங்களைச் சொல்லித் தந்தார். அடிபட்டவனுக்கு முதல் 60 நிமிடத்துக்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும், அது பொன்னான ஒரு மணித்தியாலம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது பால்ட்டிமோரில் இருந்த ஆர். அடம்ஸ் கௌலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பரப்பிய பேச்சு. 60 நிமிடம் என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் உறுதியான ஆதாரம் இல்லை என்று பிறகு தேடிப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அது பத்து நிமிடம், சிலருக்கு ஆறு மணித்தியாலம். மூச்சுக்குழாய் அடைத்தவனுக்கு மிகக் கிட்டிய ஆஸ்பத்திரிதான் சரி, அது தகரக் கொட்டிலாக இருந்தாலும். வயிற்றுக்குள் இரத்தம் ஓடுகிறவனுக்கு வயிறு திறக்கிற இடம்தான் சரி, இடையில் இருப்பவற்றை விலத்திப் போக வேண்டியிருந்தாலும். இதை யார் தீர்மானிப்பது? மதகடியில் கூடிய சனத்தால் முடியாது. 1990 வண்டியில் வருகிற பயிற்சி பெற்றவரால் ஓரளவு முடியும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்தியா கொடுத்த 88 வண்டிகளோடு தொடங்கி இப்போது நாடு முழுக்க ஓடுகிற சேவை, காசும் இல்லை. ஆனால் அது விழுந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரிவரைக்கும் உள்ள வேலைக்கென்று உண்டானது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது அந்தந்த ஆஸ்பத்திரியின் வண்டி, அந்தந்த ஆஸ்பத்திரியின் தொலைபேசி, அன்றைய டொக்டரின் பொறுமை. எங்கள் சிவப்புக் கோடு முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

வேறு நாடுகளில் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தபோது எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஹெலிகொப்டர் இல்லை. இங்கிலாந்தில் 2012 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் காய வலையமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 45 நிமிடத்துக்குள் பெரிய மையத்துக்குப் போகலாம் என்றால் கிட்ட இருப்பதை விட்டுவிட்டு நேரே போ, முடியாதென்றால் இடையில் நின்று உயிரைப் பிடித்துக்கொண்டு போ. பெரிய மையம் கட்டில் இல்லை என்று உயிராபத்தில் இருப்பவனைத் தட்டிக்கழிக்கக்கூடாது. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியாவில் சிறிய ஆஸ்பத்திரி டொக்டர் அழைக்க ஒரே ஓர் எண். அந்தப் பக்கம் எடுப்பவர் ஆலோசனையும் சொல்வார், கட்டிலும் தேடுவார், வண்டியும் ஒழுங்கு செய்வார். இந்த இரண்டிலும் செங்கல் குறைவு. உட்கார்ந்து பேசி எழுதி வைத்த ஒப்பந்தம்தான் அதிகம். நாங்கள் இங்கே 45 நிமிடம் என்று விதி போட முடியாது. புல்மோட்டையிலிருந்து பட்டணம் 50 கிலோமீற்றருக்கு மேல், வெருகல் பக்கம் இன்னும் தூரம். அதனால் சின்ன ஆஸ்பத்திரிகள் வெறுமனே தாண்டிப் போகிற இடமாக இருக்க முடியாது. அங்கே நிற்கிற அந்த ஒற்றை டொக்டருக்கு எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது என்பது கையில் பழகியிருக்க வேண்டும். 1976இல் நெப்ராஸ்காவில் சொந்த விமானத்தோடு விழுந்த ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டொக்டர், மனைவியை அங்கேயே இழந்து, பிள்ளைகளோடு சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். வயலில் கிடந்தபோது தான் செய்ததைவிட அங்கே கிடைத்தது மோசம் என்று கண்டார். இரண்டு வருடத்தில் சின்ன ஊர் டொக்டர்களுக்கான ஒரு பயிற்சி அதிலிருந்து பிறந்து, இப்போது உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூச்சுவழி, மூச்சு, இரத்தம் என்ற அதே ஒழுங்கு. 2010இல் 40 நாடுகளில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட காயக்காரர்களை வைத்து நடந்த ஆய்வில் திரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான மருந்து, மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் இரத்தப்போக்கால் சாவதைக் குறைக்கிறது என்று கண்டார்கள். மூன்று மணித்தியாலம் தாண்டினால் கெடுதல்கூட வரலாம். என் கோட்டில் 180ஆவது மில்லிமீற்றரில் ஒரு சின்னக் கோடு குறுக்கே போட்டேன். அது அம்புலன்ஸ் ஓடிக்கொண்டிருந்த 40 மில்லிமீற்றருக்குள் விழுந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். 2009 பெப்ரவரியில், யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் கப்பல் காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு இங்கேதான் வந்தது. அந்த நாட்களைப் பற்றிப் பேசப் பல கோணங்கள் உண்டு, அவை இந்தக் கட்டுரைக்குள் அடங்கா. நான் பார்த்தது ஒன்றுதான். கப்பல் வருவதற்கு முன் செய்தி வந்துவிடும். வண்டிகள் துறைமுகத்தடியில் நிற்கும். அவ்வளவு பெரிய அழிவுக்கு நடுவிலும் ஆள் வருமுன் தகவல் வந்தது. மச்சான் வருகிறான் என்பதை 40 நிமிடத் தூரத்துக்குச் சொல்ல எங்களுக்கு 35 நிமிடம் பிடித்தது.

வெயில் தட்டிக்குப் பின்னால்

அந்த இரவில் சரியாக நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் நாங்கள் இறங்கும்போது வாசலில் ஆள் நின்றது. இரத்தவகை பார்க்கக் குழாய் கையோடு இருந்தது. அதனால்தான் அங்கே 35 நிமிடத்தில் முடிந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பிறகு ஒருநாள் அம்புலன்ஸ் சாரதியை தேத்தண்ணிக் கடையில் கண்டு நன்றி சொல்லப் போனபோதுதான் விஷயம் வந்தது. வண்டி ஓடத் தொடங்கியதும் வெயில் தட்டிக்குப் பின்னால் செருகியிருந்த மட்டையை எடுத்துத் தாதியிடம் கொடுத்திருக்கிறார். அதில் தியேட்டர், அவசரப் பிரிவு, இரத்த வங்கி, வாட்டுகள் என்று நேரடி எண்கள். பிஸ்கட் பெட்டியில் வெட்டிய மட்டை, பால்பொயின்ற் எழுத்து, பாதி எண்கள் வெட்டித் திருத்தப்பட்டவை, மூலையில் எண்ணெய்க் கறை.

"ஆர் தந்த?" என்று கேட்டேன்.

"ஆரும் தரல்ல சேர். போற போற இடத்தில கேட்டுக் கேட்டு எழுதினது. இடமாற்றம் வந்தா மாறும், திரும்பக் கேக்கணும்" என்றார். அப்புறம், எந்த வழியில் எந்த நேரத்தில் ஆனை நிற்கும், எந்த மதகு இரவில் குலுக்கும், காயக்காரன் கத்தாமல் எப்படி வளைப்பது என்றெல்லாம் சொன்னார். 22 வருடச் சேவை. அடுத்த வருடம் பென்ஷனாம்.

குழுக் கூட்டத்துக்கு வட்டப் படத்தோடு கோட்டையும் கொண்டுபோனேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நீண்ட நேரம் பார்த்தார். "இதில ஆஸ்பத்திரி எங்க இருக்கு?" என்றார். சிவப்பைக் காட்டினேன். மீன் வாடிக்காரர் ஒருவர், "கட்டிடம் கேட்டா குடுப்பாங்கள், இதக் கேட்டா என்னத்தக் குடுப்பாங்கள்? கல்லு வைக்க இடமில்லாத விஷயம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாதி அக்கா மட்டும், மகஜரில் ஒரு பந்தி சேர்க்கலாம் என்றார்: மாவட்டத்துக்கு ஓர் எண், அதை எடுக்க 24 மணித்தியாலமும் ஓர் ஆள், ஏற்கச் சொல்லும் அதிகாரத்தோடு. சேர்த்தோம். நான்காம் பக்கத்தில், கடைசிப் பந்தியாக. முதல் பக்கத்தில் கட்டிடம், ஸ்கானர், பச்சை சிவப்பு வட்டங்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். கட்டிடமும் வந்தால் நல்லதுதானே.

வீட்டுக்கு வந்து தடித்த வரைதல் மட்டை ஒன்றை வெட்டினேன், வெயில் தட்டி அளவுக்கு. இடப்பக்கம் இடங்களின் பெயர்களைக் கறுப்பு மையால் பெரிய எழுத்தில், இரவு வெளிச்சத்திலும் வாசிக்கக்கூடியதாக எழுதினேன். வலப்பக்கம் எண்களைச் சாரதி சொல்லச் சொல்லப் பென்சிலால். ஓட்டை போட்டு நூலில் ஓர் அழிறப்பரும் கட்டிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய மட்டையை எறியாமல் புதியதற்குப் பின்னாலேயே செருகிவைத்தார். போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது கண்டேன். இரண்டு எண்கள் அழித்து எழுதப்பட்டிருந்தன.